ஒன்பது காலிமனைகள்

சாமி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துப் பேசி இன்றோடு பன்னிரண்டு நாளாகிறது. நான் முன்வாசலுக்கு வந்தால் நீ பின்வாசலுக்குப் போகிறாய். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே, இன்னும் கதவு போடாத உன் அறைக்குப் போய்விடுகிறாய். நடுவில் உன் அம்மா தூது போகிறாள். கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருகிறாராம், கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டதாம் என்று அந்த இடுப்பை வைத்துக்கொண்டு மாடிப்படிக்கும் சமையல்கட்டுக்கும் நடையாய் நடக்கிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, நீ பத்திரிகை வைக்கச் சேலம் போயிருக்கிறாய். வீடு அமைதியாக இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலையில் நீ பள்ளிபாளையத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது இது உன் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். படித்துவிட்டுப் போ. பத்து மணிக்கு நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன்.

நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "அந்தப் பாரத்தக் குடுத்தீங்கன்னா எங் கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாமுங்க." அவ்வளவு கோபத்திலும் 'ங்க' போட்டாய். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட அந்த அளவுக்குச் சுட்டிருக்காது. கோபம் உனக்கு அம்மா வழி, பிடிவாதம் என் வழி. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்து சேர்ந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். நீ கோபப்படுவதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீட்டின் நீளம், அகலம், எந்த வருஷத்திலிருந்து குடியிருக்கிறோம் என்று நாமே உண்மையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சொத்து வரிப் பாரம் அது. அதைக் கொடுத்தால் நம் குட்டு மட்டுமல்ல, இந்த வீதியில் ஒன்பது வீட்டுக் குட்டும் உடையும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எல்லாம் தெரிந்துதான் போகிறேன். ஏன் போகிறேன் என்பதை முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது.

நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இந்த வீட்டைக் கட்டினோம். நான் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லராக இருந்த காலம் அது. வருஷத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் வண்டி திரும்பும்போது நானும் திரும்புவேன். சுவர் எழும்பியதும் எல்லாரையும் போல நாமும் திருஷ்டி பொம்மை கட்டினோம். என் பழைய காக்கிச் சட்டையும் பேண்டும்தான் அதற்கு உடுப்பு. உன் அம்மா வைக்கோல் திணித்துத் தைத்தாள். தலைக்கு வைத்த மண்சட்டியில் நீ சுண்ணாம்பால் கண்ணும் மீசையும் வரைந்து, அப்பா மாதிரியே இருக்கிறது என்று சிரித்தாய். வேலை முடிந்து பால் காய்ச்சுகிற அன்றைக்கு அந்தப் பொம்மையை இறக்கிவிடுவதுதான் வழக்கம். நாம் இறக்கவில்லை.

அந்த யோசனை எதிர்வீட்டுக் கந்தப்பன் மாமாவுடையது. லாரிக்குப் பாடி கட்டுகிறவர், நமக்கு முன்பே இந்த வீதிக்கு வந்தவர். "மாப்ள, பொம்மை தொங்கற வரைக்கும் அது ஊடு இல்ல, வேலை. வேலை முடிஞ்சாத்தான் ஊட்டு வரி. அதுவரைக்கும் காலிமனை வரியக் கட்டிட்டு நிம்மதியா இரு" என்றார். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அதனால் நம் வீட்டுப் புதுமனை புகுவிழா எப்படி நடந்தது தெரியுமா? பந்தல் இல்லை, மைக்செட் இல்லை, வாழைமரம் இல்லை. விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் நின்று பால் காய்ச்சினோம். உன் மாமன் வீட்டார் தட்டு வரிசையைத் துண்டு போட்டு மூடி, திருட்டுப் பொருளைப் போலக் கொண்டுவந்தார்கள். பின்சுவரைப் பூசாமலே விட்டோம். வாசலில் ஒரு வண்டி மணல் கொட்டி, அது குறையக் குறைய இன்னும் கொஞ்சம் கொட்டினோம். அந்த மணலில் நாய் இரண்டு தடவை குட்டி போட்டது. காக்கிச் சட்டை இற்றுப் போனால் என்னுடைய அடுத்த சட்டையைப் போட்டுப் புதுப் பொம்மை கட்டினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் ஒன்பது வீட்டை ஒன்பது பொம்மைக்குப் பின்னால் மறைத்தோம்.

இதில் மிச்சம் பிடித்ததாகவாவது பெருமைப்பட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கட்டட வேலைக்கென்று வாங்கிய தற்காலிக மின் இணைப்பையே வருஷக்கணக்காக வைத்திருந்தோம், அதற்கு யூனிட் விலை அதிகம். வரியில் தப்பித்ததைக் கரண்டு பில்லில் விட்டோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து வரி வசூலிக்கிறவர் வந்தார். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன், உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். நீ இடுப்பில் துண்டோடு, வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றாய். இங்கே யாரப்பா குடியிருக்கிறது என்று அவர் கேட்டார். நீ துளியும் யோசிக்காமல், "நாங்க இங்க குடியில்லீங்க, வேலை நடக்குதுங்க" என்றாய். வாயில் நுரை வழிய நீ சொன்ன அந்தப் பதிலை நான் ரிக் வண்டி ஆட்களிடம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன் என்று கணக்கில்லை. என் மகன் கெட்டிக்காரன் என்று பீற்றிக்கொண்டேன். யாராவது கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு இங்கே நான் குடியில்லை என்று சொல்ல ஒரு பதினோரு வயசுப் பையனைப் பழக்கியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதற்கடுத்த மூன்றாம் வருஷம் நம் ஊருக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. பக்கத்து வீதிவரைக்கும் குழாய் பதித்துக்கொண்டு வந்தவர்கள், நம் வீதி முனையில் மண்ணை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சாக்கடையும் அங்கேயே நின்றது. தெருவிளக்குக் கம்பமும் அதற்கு மேல் வரவில்லை. நான் அப்போது லீவில் வந்திருந்தேன். எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. நாங்கள் மட்டும் என்ன இளிச்சவாயர்களா என்று ஒன்பது வீட்டு ஆம்பளைகளும் கூட்டமாக நகராட்சிக்குப் போனோம். கந்தப்பன் மாமாதான் முன்னால் போனார்.

வரிப் பிரிவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்ட எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, வீதிப் பெயரைக் கேட்டு, பதிவேட்டைப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்து, "அந்த வீதியில ஊடே இல்லீங்களேண்ணா. ஒம்பது காலிமனைதான இருக்குது" என்றாள்.

அவள் எங்களைக் கேலி செய்யவில்லை. பொறுமையாகத்தான் விளக்கினாள். ஊருக்குள் ஒவ்வொரு வீடும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுகிற வரியில்தான் குப்பை வண்டி ஓடுகிறது, சாக்கடை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் போகிறது, தெருவிளக்குக்குப் பல்பு மாட்டுகிறோம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்குக் கரண்டு பில் கட்டுகிறோம் என்றாள். மேலேயிருந்து திட்டத்துக்குப் பணம் வந்தாலும் ஊரும் தன் பங்கைப் போட்டாக வேண்டுமாம். எந்த வீதிக்கு எத்தனை குழாய், எத்தனை விளக்கு, எத்தனை ஆள் என்று முடிவு பண்ண வரி எண்ணைத்தான் எண்ணுவார்களாம். எண் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாக அவர்களுக்குத் தெரிய வழியில்லையாம். அப்போது எங்களில் ஒருவர், ஒரே ஒருவர், அம்மா நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம், எழுதிக்கொள் என்று சொல்லியிருந்தால் போதும். நான் வாயைத் திறக்கப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கந்தப்பன் மாமாதான் சமாளித்து, மனைக்கு முன்கூட்டியே தண்ணீர் கேட்க வந்தோம் என்றார். "ஊடு கட்டிக் குடி வந்ததுக்கப்பறம் வாங்க" என்று அவள் பதிவேட்டை மூடினாள். பொண்டாட்டி பிள்ளையோடு வருஷக்கணக்கில் குடியிருந்த வீட்டுக்கு, குடி வந்த பிறகு வா என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். வழியில் டீ குடித்தோம்.

அப்புறம் நான் என்ன செய்தேன்? ரிக்காரன் செய்வதைச் செய்தேன். என் முதலாளியின் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, எண்ணூறு அடி இறக்கினேன். இரண்டு வருஷம் தண்ணீர் வந்தது. பிறகு வெறும் காற்றுதான் வந்தது. இந்தப் பூமியில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டை போட்டு உறிஞ்சிய பிறகு என்ன மிஞ்சும்? ஊரான் ஊரில் ஆயிரம் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டி மாலை வாங்கிக்கொண்டவன் நான். இங்கே உன் அம்மா பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீதிப் பொதுக்குழாய்க்குப் போனாள். நாலு நாளைக்கு ஒரு தடவை, விடிவதற்குள் விடுவார்கள். அங்கே ஒரு பெண் இவளைப் பார்த்து, எங்கள் வரியில் ஓடுகிற குழாய் இது, எங்கள் குடமெல்லாம் நிரம்பிய பிறகு பிடி என்று சொன்னாளாம். உன் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாளாம். எனக்கும் அதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழவில்லை.

நீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாய், கடைசி வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் சத்தீஸ்கரில் இருந்தேன். மார்கழி மாதம், பனி இறங்கிய விடியல். தெருவிளக்கு இல்லாத நம் வீதியில் அவள் நிறை குடத்தோடு வந்திருக்கிறாள். சாக்கடை இல்லாததால் கழிவுநீர் போக நாங்களே ஒன்பது வீடும் சேர்ந்து வீதிக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தோமே, அதில் கால் போய்விட்டது. இடுப்பு எலும்பு முறிந்து அந்த அழுக்குத் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறாள். வெளிச்சம் வந்து பால்காரர் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் கந்தப்பன் மாமா வீட்டுச் சரசு அத்தை ஓடி வந்தாள். ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் செய்தாள். கதவு எண் என்ன என்று கேட்டார்களாம். நமக்கு ஏது கதவு எண்? வீதி முனையில் பெயர்ப்பலகை உண்டா என்று கேட்டார்களாம். அதுவும் கிடையாது. வண்டி வேறு இரண்டு வீதிக்குள் போய்த் திரும்பியிருக்கிறது. கடைசியில் சரசு அத்தை வெறுங்காலோடு மெயின்ரோடுவரைக்கும் ஓடி, துண்டை ஆட்டிக் கூட்டி வந்தாள்.

நான் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள். பிறகு சொன்னாள்: "அம்புட்டு வலியிலயும் எனக்கு ஒன்னுதானுங்க மனசுல ஓடுச்சு. நம்ம ஊட்டு நம்பர் என்ன, நம்ம ஊட்டு நம்பர் என்னன்னு." உனக்குச் சொல்ல வேண்டாம், பரீட்சை கெட்டுவிடும் என்றாள். குளியலறை என்று சொல்லிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பரீட்சை முடிந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷம் சொல்லவில்லை. நீ அந்தக் குளியலறைத் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, வழுக்காத ஓடு வாங்கி வந்து பதித்தாயே, உன் முதல் சம்பளத்தில், அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்திவிடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் லாரிக்குச் சொல்லித் தொட்டியை நிரப்பிக்கொண்டேன். வாய்க்காலுக்கு மேல் ஒரு கடப்பைக் கல்லைப் போட்டேன். பொம்மைக்குச் சட்டை மாற்றினேன். பயம்தான் காரணம். பழைய பாக்கி எவ்வளவு வருமோ, அபராதம் போடுவார்களோ, கந்தப்பன் மாமா மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று நாளைத் தள்ளினேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், நீ உன் கல்யாணத்துக்காகக் கட்டுகிற மேல்மாடியின் முன்பக்கத் தூணில் ஏறி நின்று புதுப் பொம்மை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். உன் காலேஜ் சட்டை, நீலக் கட்டம் போட்டது. நான் கீழே நின்று பார்த்தேன். பால் காய்ச்சுகிற அன்றைக்கு இறக்கிவிடுவாய்தானே என்று கேட்டேன். நீ சிரித்தாய். எதற்கு இறக்குவது, கல்யாணம் முடிந்தும் அது பாட்டுக்குத் தொங்கட்டும், கந்தப்பன் மாமாகூட அதைத்தான் சொன்னார் என்றாய். அப்போதுதான் நான் பாரம் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். அந்த நிமிஷம்வரை எனக்கே அது தெரியாது. நீ இறங்கி வந்து, கையில் சணல் கயிற்றோடு என் முன்னால் நின்று, "பொய் சொல்லச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்களே" என்றாய். சரிதான் சாமி. அதனால்தான் அதைத் திருப்பி எடுக்க வேண்டிய ஆளும் நான்தான்.

நீ அன்றைக்குக் கேட்ட இன்னொரு கேள்வியும் நியாயமானதுதான். கட்டுகிற வரி எங்கே போகிறது என்று பார்த்தீர்களா, பாதி எவன் எவன் பையிலோ போகிறது என்றாய். எதுவும் போகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு வருஷம் போட்ட தார் அடுத்த மழையில் கரைவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்து வீதியைப் பார். போன கோடையில் அவர்களுக்கு ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை. பெண்களெல்லாம் குடத்தோடும் வரி ரசீதோடும் போய் நகராட்சி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் வந்தது. நாம் போய் எதை நீட்டுவோம்? நம் ஒன்பது பேருக்கும் திட்டுவதற்குக்கூட வாயில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு ஊரைக் குறை சொல்லலாம், அவ்வளவுதான். பணம் போகும் இடத்தைக் கேட்க வேண்டுமானால் முதலில் பணத்தைப் போட்டவனாக இருக்க வேண்டும்.

கந்தப்பன் மாமாவிடம் நான் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டேன், நீங்களும் கொடுத்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம் என்றேன். அவர் பட்டறையில் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, "ஒரு ஊடு வாயத் தொறந்தா ஒம்பது ஊடும் மாட்டும். ஊரோட ஒத்துப் போ மாப்ள. இல்லைன்னா இந்த வீதியில இருந்து உம் பையன் கல்யாணத்துக்கு ஒரு ஆளு வர மாட்டான்" என்றார். வெறும் மிரட்டல் இல்லை, செய்வார். எனக்கு நெஞ்சை அறுப்பது அது அல்ல. உன் அம்மாவுக்காக வெறுங்காலோடு ஓடியது அவர் மனைவி. அந்த வீட்டுக்கு நான் செய்கிற கைம்மாறு இதுதானா என்று பன்னிரண்டு நாளாக யோசிக்கிறேன். சரசு அத்தையைக் கோயிலில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நாளைக்கு எனக்கொன்னு ஆனா அன்னைக்கு ஓடறதுக்கு யாருங்க இருக்கறாங்க?" என்றாள்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை நினைத்துப் பார். அயோத்தியாப்பட்டணத்தில் அவர்கள் வீட்டுக்கு நாம் போயிருந்தபோது, அந்தப் பிள்ளை சமையல்கட்டுக் குழாயைத் திறந்து நமக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது. அவர்கள் நம் வீடு பார்க்க வந்தபோது அவளுடைய அம்மா கேட்ட முதல் கேள்வி தண்ணீர் எப்படி என்பதுதான். நீ போர் இருக்கிறது என்றாய். போர் இருக்கிறது, வாஸ்தவம். அதில் தண்ணீர் இல்லை என்பதை நீயும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு குடம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நீயும் ஒரு நாள் வெளியூரில் இருக்கும்போது உனக்கு ஒரு போன் வரும். அது வரக்கூடாது.

நேற்று நீ வேலைக்குப் போன பிறகு வீட்டை அளந்தேன். உன் அம்மா நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுமுனையை இழுத்து அடி சொல்ல, அவளே ஒரு காகிதத்தில் எழுதினாள். சமையல்கட்டு முடிந்ததும், "இத்தன பெருசாவா கட்டுனோம்?" என்றாள். குடியேறிய வருஷம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் வந்தோம் என்று எழுதிவிட்டால் பாக்கி குறையும், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வயசானாலும் புத்தி அங்கேதான் போகிறது பார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நீ ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷத்தைச் சொல்லி, அதை எழுதுங்கள் என்றாள். எழுதினேன். பாக்கி என்ன வந்தாலும் என் பொறுப்பு, உன் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன். மேல்மாடியைப் பற்றி வேலை நடக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அது உண்மை. வேலை முடிகிற அன்றைக்கு அதை எழுத வேண்டியவன் நீ. உனக்குப் பதிலாக நான் எழுத மாட்டேன், எழுது என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன்.

உன் கல்யாணத்துக்கு நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வர மாட்டேன், மண்டபத்து வாசலில் நின்று உன்னைச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். ஒற்றைப் பிள்ளையின் கழுத்தில் மாலை ஏறுவதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு என்ன என்று எழுதத் தெரியவில்லை. இதை எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இருந்தாலும் நாளைக்குப் பாரத்தைக் கொடுப்பேன்.

இன்று காலையில் நீ போன பிறகு ஏணி போட்டு ஏறி, கீழ்வீட்டுப் பொம்மையை இறக்கிவிட்டேன். பதினைந்து வருஷமாகச் சட்டை மாற்றி மாற்றிக் கட்டியது, தூக்கினால் ஒன்றுமே கனமில்லை. மேலே இருப்பதையும் இறக்கிவிடவா என்று கேட்டேன். அது அவன் கட்டியது, அவனே இறக்கட்டும் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள். பிறகு பாரத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுதும் படித்துவிட்டு, நம்பர் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள். கொஞ்ச நாளாகும் என்றேன்.

"வந்ததும் கேட்டுக்குப் பக்கத்துல பெருசா எழுதோணுமுங்க. வண்டிக்காரனுக்கு வீதி முனையில இருந்தே தெரியோணும். அவனயே எழுதச் சொல்லுங்க. அந்தப் பொம்மைக்குக் கண்ணு வரஞ்ச கைதானுங்களே" என்றாள்.

கறுப்புப் பெயிண்ட் வாங்கி ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். ஏணியை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

உன்
அப்பா